காரில் அடிபட்டு வந்த பிள்ளை: செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு 28 வயது, சென்னையில் வேலை. பொங்கலுக்குக் காரை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வரும்போது, திருமயம் தாண்டி ஒரு வேன் பக்கவாட்டில் மோதியதில் வலது கணுக்கால் உடைந்தது. பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் எங்களோடு இருந்தாள். அதிலிருந்து ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஆனாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காகிதத்தை ஒழுங்காக அடுக்கத் தெரியும். மற்றதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆக்சிடென்ட் என்று போன் வந்ததும் முதலில் என்ன செய்வது?

பிள்ளையே பேசினால், "எப்படி இடிச்ச?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எங்க இருக்க, கூட யாரு இருக்கா, எங்க வலிக்குது?" இந்த மூன்று போதும். 108-க்குச் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால், கார் தீப்பிடிக்கும் நிலையில் இல்லாத வரை ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கட்டும்.

அப்புறம், நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கையும் காலும் அந்த நேரத்தில் நம்முடையவை இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்புங்கள், இல்லை ஒரு டிரைவரைக் கூப்பிடுங்கள். பிள்ளையின் ஆதார் நகல், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், இன்சூரன்ஸ் அட்டை, ஒரு சார்ஜர். இவ்வளவும் ஒரு பையில்.

அங்கே தூக்கிச் சேர்த்தவர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நீங்கள்தான் இடித்தீர்களா என்று அவரை மிரட்டி விடாதீர்கள். எங்கள் மகளைத் தூக்கியவர் ஒரு டீக்கடைக்காரர். என் மச்சான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். உதவி செய்கிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. விருப்பம் இல்லாமல் அவர்கள் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு நன்றி சொல்லி, கொடுத்தால் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாட்சியாக அவர்தான் தேவைப்படலாம்.

கையில் பணம் இல்லை. தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். என்ன செய்வது?

"நம்மைக் காக்கும் 48 திட்டத்துல இந்த ஆஸ்பத்திரி இருக்கா?" என்று வரவேற்பறையிலேயே கேளுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற இந்தத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 1 லட்சம் ரூபாய் என்று இருந்த வரம்பை அப்புறம் 2 லட்சமாக உயர்த்தினார்கள். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் அறிவித்தது: விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை. இதற்கெல்லாம் கார்டு, வருமானச் சான்று எதுவும் முன்கூட்டி எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் கேட்டால்தான் சில இடங்களில் வாயைத் திறக்கிறார்கள். பணம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவது கடினம். கட்டுவதற்கு முன்பே கேட்பதுதான் காரியம்.

"லேசான அடிதான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

தலையில் அடிபட்டிருந்தால் முதல் இரண்டு நாள் ஒரு கண் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது. இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை பார்ப்போம் என்று உட்காராதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் லேசான அடியே லேசானது இல்லை.

சீட் பெல்ட் பட்ட இடத்தில் வயிற்றுக்குக் குறுக்கே கன்றிப்போய், வயிறு வலிக்கவும் செய்தால் உடனே திரும்பப் போங்கள். கழுத்து வலி சில சமயம் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் தலைகாட்டும். "நேத்து இல்லாத வலி இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுப் பிள்ளையை நடிப்பவளாக்கிவிட வேண்டாம்.

நாட்டுக்கட்டு போடலாமா? எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?

எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் முதல் நாளே கட்டுக்காரரை வரவழைத்திருப்பார். எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுவதும், விரல் தெரியாமல் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. கட்டு எதுவாக இருந்தாலும், மாவுக்கட்டும் சேர்த்துத்தான், விரல் நுனி நீலமாகவோ சில்லென்றோ மரத்தோ போனால், வலி மாத்திரைக்கும் அடங்காமல் கூடினால், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் மணிக் கணக்கில் கால் போய்விடும்.

நீவுவது பற்றி இரண்டு விஷயம். முழங்கை அடியை நீவவே கூடாது. தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்காருவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா?

டாக்டர் சொல்லாத பத்தியம் எதுவும் வேண்டாம். புண் ஆற முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் வேண்டும். ஆட்டுக்கால் சூப் நல்ல சூப். எலும்பை ஒட்டவைக்கும் மருந்து இல்லை. சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். பையன் இதை டாக்டர் வாயால் கேட்டால்தான் ஏறும், நாம் சொன்னால் ஏறாது.

பெரிய வீடு. வாக்கரோடு வரும் பிள்ளைக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானேதான் போட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நாங்கள் சறுக்கியது இங்கேதான்.

நம் வீடுகள் கல்யாணத்துக்குக் கட்டியவை, கால் உடைந்தவர்களுக்கு இல்லை. தெருவிலிருந்து முகப்புக்கு நாலு படி. முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, போக ஒரு நிலை, அதில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை உயர்ந்த படி. வளவிலிருந்து இரண்டாங்கட்டு, அதற்கும் ஒரு நிலை. கழிப்பறை கடைசியில். எங்கள் மகள் வந்த அன்று அவளுடைய பழைய அறையைக் கழுவித் துடைத்து, புது விரிப்பு போட்டு வைத்திருந்தோம். அந்த அறையிலிருந்து கழிப்பறைக்கு மூன்று நிலைப்படி என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முதல் நிலைப்படியில் வாக்கரைத் தூக்கி வைக்கத் தெரியாமல் நின்றாள். கூப்பிடவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

மறுநாள் கட்டிலைத் தூக்கி இரண்டாங்கட்டில் போட்டோம். யாரும் பார்க்கக்கூடாது என்று ஒரு திரை. நீங்களும் கழிப்பறையிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். எந்த இடம் வரை படியே இல்லையோ அங்கே கட்டிலைப் போடுங்கள். அது நெல் பத்தாயம் இருந்த அறையாக இருந்தாலும் சரி.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் இன்னொரு சங்கடம். எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள், முகம் தெரியும். அந்த மூன்று மாதமும் எண்ணெயை நிறுத்துங்கள். தண்ணீர் விட்டுத் துடைத்தால், காயும் வரை பிள்ளை எழ வேண்டாம். வாக்கரின் காலில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தேய்ந்தால் அந்தக் கல்லில் சர்ரென்று போகும். புது புஷ் மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். மழை நாளில் வளவின் முற்றத்து ஓரம் வேண்டவே வேண்டாம்.

குத்துக்காலிட்டு உட்காரும் பழைய கழிப்பறைதான் என்றால் கம்மோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு வாங்குங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கால் வழுக்காத ரப்பர் விரிப்பு. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணி. பூஜை மணியையே கொடுத்தோம், சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போக முடியாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவது உண்டு.

பார்க்க வரும் சொந்தபந்தத்தை எப்படிச் சமாளிப்பது?

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்களை வராதே என்று நம் ஊரில் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "எப்படி ஆச்சு, முதல்லேருந்து சொல்லு." முதல் வாரத்தில் எங்கள் மகள் அந்த வேன் வந்த கதையை எத்தனை முறை சொன்னாள் என்று நான் எண்ணவில்லை, அவள் எண்ணியிருக்கிறாள். ஒருநாள் ஆட்கள் போன பிறகு, "அப்பச்சி, ஒவ்வொரு தடவையும் நா திரும்ப அந்தக் கார்ல போயி உக்காந்துட்டு வர்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து முகப்பிலேயே நான் கதையைச் சொல்லிவிடுவேன். இரண்டு வாக்கியம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு மாத்திரை நேரம்" என்று எழுந்துவிடுவேன். வந்தவர்களுக்குக் காபி முகப்பில்தான், கட்டில் பக்கத்தில் இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் காரு" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அவரிடம், வேனை ஓட்டியது ஆம்பளை என்று சொன்னது வீட்டில். நான் இல்லை.

இன்னொன்று. காயத்தின் போட்டோ, நொறுங்கிய கார் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போகக்கூடாது. அது பிள்ளையின் உடம்பு. போடுவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

திருஷ்டி கழிப்பது, கோயிலுக்கு நேர்ந்துகொள்வது?

செய்யுங்கள். பூசணிக்காய் உடைத்தால் வீட்டுக்குக் கொஞ்சம் நிம்மதி என்றால் அதிலென்ன. ஆனால் "ஏழரைச் சனி, அப்பவே சொன்னேன்" என்ற பேச்சு பிள்ளை காதில் விழ வேண்டாம். பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டும் என்றால் நீங்கள் போய் வாருங்கள்; காரில் ஏற மனம் வராதவளை வேண்டுதல் என்று சொல்லி ஏற்றாதீர்கள்.

எந்தெந்தக் காகிதத்தை வாங்கி வைக்க வேண்டும்?

மருத்துவமனையில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் எப்படி நடந்தது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி தப்பாக இருந்தால் பின்னால் எல்லாம் தப்பாகும், அன்றே படித்துப் பாருங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது; எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து பில், டாக்சி ரசீது, கவனித்துக்கொள்ள வைத்த ஆளுக்குக் கொடுத்த சம்பளம், அலுவலகத்தில் விடுப்பு எடுத்த சான்று. போக்குவரத்துச் செலவு, உடனிருப்பவர் செலவு, சத்துணவுச் செலவு என்று நீதிமன்றம் தனித்தனியாகவே கணக்குப் பார்க்கும்.

மருந்துக்கடை பில்லில் மை ஆறு மாதத்தில் பறந்துவிடும். வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் குத்துங்கள். மெடிக்கிளைம் கம்பெனிக்கு அசல் பில் கொடுக்கிறீர்கள் என்றால், அவர்களிடம் முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்குங்கள், கேஸுக்குத் தேவைப்படும்.

இழப்பீட்டுக் கேஸ் எங்கே, எப்போது போடுவது?

ஊரில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. விபத்து நடந்த ஊர், நம் பிள்ளை வசிக்கும் ஊர், எதிராளி வசிக்கும் ஊர், இதில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். காயம் ஆறட்டும் என்று காத்திருந்து தேதியைக் கோட்டை விடாதீர்கள்; மனு முதலில், ஊனச் சான்று பின்னால்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டால் அதற்கும் வழி உண்டு: கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

மருத்துவமனை வராந்தாவில் ஒரு தம்பி வருவார், மிகவும் மரியாதையாக. "ஐயா, ஒண்ணும் கவலப்படாதீங்க, இங்க ஒரு கையெழுத்து." வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், மயக்கம் தெளியாத பிள்ளையின் கைநாட்டும் வேண்டாம். வக்கீலை நிதானமாகத் தேடுங்கள். வசதி இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. பிள்ளை மேஜர். எந்த வக்கீல், சமரசம் செய்வதா, எவ்வளவுக்கு என்பதை முடிவு செய்வது பிள்ளைதான். நாம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போகலாம்.

கார் என் பெயரில் இருக்கிறது. சிக்கலா?

உரிமையாளர் என்பதால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும், பயப்பட வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், பிள்ளையின் லைசென்ஸ் மூன்றும் விபத்து நாளில் நடப்பில் இருந்தனவா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

பலருக்குத் தெரியாதது ஒன்று: பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளருக்கு உரியது. அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டி அடிபட்டால் அது மகனுக்கு வராது. பிள்ளைதான் ஓட்டுகிறது என்றால் வண்டியைப் பிள்ளை பெயருக்கே மாற்றுவது நல்லது.

தப்பு எங்கள் பிள்ளை மேல்தான் என்றால்?

முதலில், டிரைவர்தான் ஓட்டினார் என்று ஆளை மாற்றிக் கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் அவரை வாசலோடு அனுப்புங்கள். அது குற்றம். அதோடு, இன்சூரன்ஸும் கையை விரிக்கும். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக உதவுவதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்வதும் ஓட்டியவரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீலோடு போய்ச் சொல்லுங்கள்.

வீட்டில் அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான். "உன் மேல தப்பே இல்லடா" என்று பொய் சொன்னால் அவனுக்குத் தெரியும். திட்டினாலும் அவன் ஏற்கெனவே திட்டிக்கொண்டதைவிட அதிகமாக நம்மால் திட்ட முடியாது. பக்கத்தில் உட்காருங்கள். எதிர்த்தரப்பு மருத்துவமனையில் இருந்தால், வக்கீலைக் கேட்டுக்கொண்டு யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் தூங்குவதில்லை, ஹார்ன் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள். இது எப்போது சரியாகும்?

முதல் சில வாரம் கெட்ட கனவு, எரிச்சல், திடுக்கிடல் எல்லாம் வரும், பெரும்பாலும் தானே குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், அந்தச் சாலையையே தவிர்த்து, வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு இல்லை. சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு சொல் வந்தாலும் ஒரு மாதம் எல்லாம் பார்க்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

"அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத" என்பது அறிவுரையே இல்லை. நினைக்காமல் இருக்க முடிந்தால் அவள் நினைப்பாளா?

மகன் கல்யாணமானவன், கோயம்புத்தூரில் இருக்கிறான். நாங்கள் போய் எவ்வளவு நாள் இருக்கலாம்?

மருமகளைக் கேளுங்கள். மகனை இல்லை. டாக்டர் பேசும்போது முன்னால் நிற்க வேண்டியவர் அவர்தான். நீங்கள் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சமையலைப் பார்த்து, ராத்திரி ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனையில் படுத்தால் அது பெரிய உதவி. பணம் கொடுத்தால் கொடுத்ததை மறந்துவிடுங்கள், அல்லது கடன் என்று எழுதியே கொடுங்கள். நடுவில் தொங்கும் பணம்தான் பின்னால் பேச்சாகிறது.

மறுபடி கார் ஓட்ட விடலாமா?

விடுவதற்கு நாம் யார்? டாக்டர் சொன்ன பிறகு, அவள் கேட்ட பிறகு. எங்கள் மகள் முதலில் நிறுத்திய காரில் சும்மா உட்கார்ந்தாள். அப்புறம் பக்கத்து இருக்கையில், ஊருக்குள்ளேயே இருக்கும் கல்லுக்கட்டி வரை. ஐந்து மாதம் கழித்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை குன்றக்குடிக்கு ஓட்டிப் போனாள். நான் பக்கத்தில். வேன் ஒன்று எதிரே வந்தபோது "பாத்து" என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, "அப்பச்சி, பின்னாடி போயி உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

இந்தப் பில், எக்ஸ்ரே எல்லாம் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

கேஸ் முடிந்து பணம் பிள்ளையின் கணக்கில் ஏறும் வரை. எக்ஸ்ரேவை மடிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். பிளேட்டை எடுக்க வேண்டி வந்தால் அறுவை சிகிச்சைக் குறிப்பும் வேண்டும். எங்கள் வீட்டில் பில் எல்லாம் ஒரு முறுக்கு டின்னில் இருக்கிறது. வீட்டில் அந்த டின்னை இரண்டு தீபாவளியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.